மலைக்குப் பயந்து இறங்கிய லயம்

நம் ஊர் எங்கே இருந்தது என்று யாராவது கேட்டால் இப்போது கடலுக்குள் இருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. சில வருடங்கள் முன்புவரை தண்ணீருக்கு மேல் தலையில்லாத தென்னைகள் நின்றன. படகில் போகிறவர்கள் அதை வைத்து இடத்தை அடையாளம் சொல்வார்கள். இப்போது அவையும் விழுந்துவிட்டன.

என்னோடு அங்கே வளர்ந்தவர்களில் சிலர் போர்ட் பிளேயரில் இருக்கிறீர்கள். சிலர் சௌல்தாரிப் பக்கம் போய்த் தோட்டம் வைத்திருக்கிறீர்கள். மெயின்லாண்டுக்கே போய்விட்டவர்களும் உண்டு. உங்கள் பிள்ளைகளுக்கு அந்த இடம் தெரியாது. நிக்கோபாரில் இந்தக் கட்சால் தீவிலேயே தங்கிவிட்டவன் என்பதால் நான் எழுத வேண்டும் என்கிறீர்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் நடுவில் பேசச் சொன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை, அது ஒன்றுதான் வசதி.

முதலில் வழியைச் சொல்லிவிடுகிறேன். ஜெட்டியில் இறங்கினால் கடலோரமாகவே ஒரு மண்ரோடு போகும். ரேஷன் ஸ்டோர், பள்ளிக்கூடம், அதைத் தாண்டினால் தென்னைகள் நிற்கும் சமதரை. சமதரை முடியும் இடத்தில் ஒரு ஓடை. ஓடைக்கு அந்தப் பக்கம் கடலைப் பார்த்தபடி நிக்கோபாரிகளின் வீடுகள். பாலத்துக்கு முன்பே ரோடு இடது கையாகத் திரும்பி மேடேறும். ரப்பர் பேக்டரி வரும். அமிலமும் புளித்த பாலும் கலந்த நாற்றம் அங்கிருந்து தொடங்கும். அடுத்து புகைக்கூடம், உள்ளே ரப்பர் ஷீட்டுகள் துவைத்துப் போட்ட காவி வேட்டிகள் மாதிரி தொங்கும். அதற்கும் மேலே, மலையை வெட்டிச் சமப்படுத்திய இடத்தில் நம் லயம். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகக் காம்பராக்கள், குடும்பத்துக்கு ஒரு அறை, முன்னால் நீளமாக ஒரே இஸ்தோப்பு, அதாவது தாழ்வாரம். அதைத்தான் பின்னால் மேல் லயம் என்று சொன்னோம். அப்போது அதற்குப் பெயர் எதுவும் இல்லை. கீழே ஒன்று வந்த பிறகுதான் அது மேல் ஆனது.

ஆபீசில் அந்த இடத்துக்கு ஒரு நம்பர்தான். நம்முடைய ஆட்கள்தான் மூலைமூலைக்கும் பெயர் வைத்தார்கள். அட்டை கடிக்கும் பாதை அட்டைமுடுக்கு. மூங்கிலைப் பிளந்து ஊற்றுத் தண்ணீர் விழும்படி வைத்த இடம் பீலி. மேனேஜர் டெல்லிப் பக்கத்து மனிதர், ஆனாலும் அவரைப் பெரிய தொரை என்றே கூப்பிட்டார்கள். வேலை வாங்குபவரை மேட் என்று ஆபீசில் சொல்ல, நாம் கங்காணி என்றோம். இலங்கையில் இரத்தினபுரிப் பக்கத்துத் தோட்டங்களை விட்டு, கப்பலேறி, மண்டபம் முகாமில் கிடந்து, மறுபடி கப்பலேறி இங்கே வந்தவர்கள் அவர்கள். நாடு மாறியது, தொரை மாறினார், மரம் மட்டும் அதே ரப்பர். கத்தி பிடித்த கைக்கு வித்தியாசமே தெரியவில்லை என்று அப்பா சொல்வார்.

மலையையும் அவர்கள் அங்கிருந்தே கொண்டுவந்திருந்தார்கள். இதைத்தான் சொல்ல வந்தேன்.

அப்பாவின் அண்ணன் ஒருவர் இருந்தார். எனக்குப் பெரியப்பா. நான் பார்த்ததில்லை. இலங்கையில் ஒரு மழைக்காலத்தில் அவர் இருந்த லயத்தின் மேல் மலை சரிந்தது. பெரியப்பா, பெரியம்மா, பிள்ளைகள், பக்கத்துக் காம்பரா ஆட்கள் எல்லோரும் உள்ளே. அப்பா இரண்டு தோட்டம் தள்ளி இருந்தார். ஓடிப்போய்க் கையாலேயே தோண்டினாராம். ஒரு கட்டில்காலும் ஒரு சின்னப் பாவாடையும்தான் கிடைத்தன என்று அம்மா சொல்லியிருக்கிறாள். அப்பா அதைப் பற்றி வாயே திறந்ததில்லை. ஆனால் மழை விழுந்தால் அவர் முகம் வேறு மாதிரி ஆகிவிடும்.

நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த ஒரு வருடம் மழை விடவே இல்லை. பால் வெட்டப் போனால் கோப்பையில் பாலைவிடத் தண்ணீர் அதிகம். வேலை நின்றது. கப்பல் வரவில்லை. வெங்காயம் இல்லை, உருளைக்கிழங்கு இல்லை. துணி காயாமல் எல்லார் மேலும் ஒரு பூஞ்சை வாடை. அப்பா மூங்கில் முளைகள் சீவி எடுத்தார். லயத்தின் பின்சுவருக்கும் வெட்டிவிட்ட மண்மேட்டுக்கும் நடுவே ஒரு ஆள் படுக்கும் அகலம்தான். மேட்டின் விளிம்பில் சில முளைகள், சுவரோரம் சில முளைகள் அடித்து, இரண்டுக்கும் நடுவில் நூலை இழுத்துக் கட்டினார். மேடு அசைந்தால் நூல் தொய்யும், இல்லை அறும். இலங்கையில் அண்ணன் செத்த பிறகு அவராகக் கண்டுபிடித்த ஏற்பாடு. காலையில் எழுந்ததும் முகம் கழுவுவதற்கு முன் போய் நூலைத் தொட்டுப் பார்ப்பார்.

கங்காணிக்கு அது பெரிய வேடிக்கை. இஸ்தோப்பில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சத்தம் போடுவார்.

"என்னாப்பா, மலைக்கு அரணாக்கவுறு கட்டிட்டியா? மொட்டை அடிச்சிக் காது குத்துறது எப்ப?"

"ஒங்களுக்குச் சொல்லாமயா? தாய்மாமன் மடியிலதான் ஒக்கார வைக்கணும்," என்பார் அப்பா. "ஒக்காந்துச்சின்னா எந்திரிக்காது, அதான் யோசிக்கிறேன்."

எல்லோரும் சிரிப்பார்கள். அப்பாவும் சிரிப்பார். சிரித்துக்கொண்டே போய் இன்னொரு தடவை நூலைத் தொட்டுப் பார்ப்பார்.

ஒருநாள் காலை, மழை கொஞ்சம் விட்டு வெளிச்சம் வந்தது. பெண்கள் ஈரவிறகை ஊதிக்கொண்டிருந்தார்கள். நூலைப் பார்க்கப் பின்பக்கம் போன அப்பா ஓடிவந்தார். நூல் தொய்ந்து கிடந்ததாம். அவர் ஓடி நான் பார்த்தது அன்றுதான்.

"மலை வருது! வெளிய ஓடுங்க! வெட்டவெளிக்கு ஓடுங்க!"

தங்கச்சியை ஒரு கையிலும் என் காதை ஒரு கையிலும் பிடித்து இழுத்தார். ஒவ்வொரு காம்பராக் கதவையும் காலால் உதைத்தார். அடுத்த காம்பராச் சித்தி குளித்துக்கொண்டிருந்தவள் ஈரப்பாவாடையோடு ஓடிவந்தாள். கங்காணி ஒரு செருப்போடு வந்தார். எல்லோரும் பிரட்டுக்களத்தில், அதாவது காலையில் ஆள் கூப்பிடும் அந்த மைதானத்தில் போய் நின்றோம். ஒன்றும் நடக்கவில்லை. கங்காணி வாயைத் திறந்தார், ஏதோ கேலிதான் சொல்ல வந்திருப்பார். அப்போது மேடு உட்கார்ந்தது. சத்தம்கூட அதிகமில்லை. ஒரு பெரிய மாடு படுக்கும்போது மூச்சு விடுமே, அந்த மாதிரி. பின்சுவர்கள் உள்ளே சாய்ந்தன. தகரம் மடங்கியது. பச்சைமண் வாடை எங்கள் முகத்துக்கு வந்தது. அதை எப்படிச் சொல்வது, புதிதாய்க் குழி தோண்டிய வாடை.

ஒரு உயிர் போகவில்லை. கோழிக்கூடு போனது. அம்மாவின் அம்மிக்குழவி போனது. அம்மிக்கல்லை இலங்கையிலேயே விட்டுவிட்டு, குழவியை மட்டும் சேலையில் சுற்றி மடியில் வைத்து இரண்டு கப்பலிலும் கொண்டுவந்திருந்தாள். இங்கே ஆற்றுக்கல் ஒன்றை அம்மியாக்கியிருந்தாள். எவ்வளவு தோண்டியும் குழவி கிடைக்கவில்லை. அவள் அழவில்லை. "அது மண்ணத் தேடிப் போயிருச்சி," என்றாள்.

கங்காணி அப்பாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நின்றது எனக்கு நினைவிருக்கிறது. அன்றிலிருந்து லயத்தில் அப்பா சொல்லுக்கு மறுசொல் இல்லாமல் போனது. அப்பா அதற்கு ஆசைப்பட்டவர் இல்லை. ஆனால் ஊரே தன் வாயைப் பார்க்கும்போது யாருக்கும் கொஞ்சம் பிடிக்கும் அல்லவா.

பேக்டரியின் கிடங்கில் எங்களைத் தங்கவைத்தார்கள். இனி எங்கே வீடு என்பதுதான் பேச்சு. அப்பா மனதில் சமதரைதான். ஒருநாள் என்னையும் அழைத்துக்கொண்டு கீழே போனார். அவருக்கு இந்தி வராது. எனக்குப் பள்ளிக்கூடத்து இந்தி கொஞ்சம் வரும்.

ஓடைக்கு அந்தப் பக்கம் நிக்கோபாரிக் கிராமத்தின் கேப்டன் இருந்தார். கேப்டன் என்றால் ஊர்த்தலைவர். அரைக்கால் சட்டை மட்டும் போட்டு, தென்னை நிழலில் ஹோடி என்கிற தங்கள் மரப்படகின் ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் இளநீர் வெட்டிக் கொடுத்தார். பன்றிகள் தேங்காய்ச் சில்லுக்காகச் சுற்றி நின்றன.

"கேளுடா, கடலு எம்புட்டு தூரம் மேல வரும்னு," என்றார் அப்பா.

"சமந்தர் கித்னா ஊப்பர் ஆதா?" என்று கேட்டேன்.

கேப்டன் எழுந்து நடந்தார். மணலில் கொடி படரத் தொடங்கும் இடத்தில் நின்று, குதிகாலால் ஒரு கோடு இழுத்தார். "பாரிஷ் மே இத்னா." மழைக்காலத்தில் இதுவரைக்கும். பிறகு ஏன் கேட்கிறீர்கள் என்றார். மேலே மலை விழுகிறது என்று சொன்னேன். அவருக்குப் புரியவில்லை.

"பஹாட் கிர்தா?" என்று கையை மலைப் பக்கம் காட்டி, தலைகீழாகக் கவிழ்த்துக் கேட்டார். ஆமாம் என்றேன். அவர் திரும்பி வீட்டுப் பக்கம் தங்கள் பாஷையில் ஏதோ கத்தினார். வீட்டுக்குள்ளிருந்து பெண்கள் சிரிக்கும் சத்தம் வந்தது. மலை எழுந்து வந்து வீட்டுக்குள் நுழையும் என்று அவர்கள் கேள்விப்பட்டதே இல்லை போலிருக்கிறது. கேப்டன் அப்பாவின் தோளைத் தட்டி, "ஹோல்ச்சு, ஆ ஜாவோ," என்றார். சிநேகிதா, வந்துவிடு.

அப்பா அந்தக் கோட்டிலிருந்து தென்னைகளுக்குள் வெகுதூரம் நடந்து, "இங்கருந்து கட்டுனாப் போதும்," என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். திரும்பி வரும் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார்.

"பாட்டன் பூட்டன் காலத்துலருந்து கடலோரமாவே இருக்காங்க. ஒரு பயம் இருக்கா பாத்தியா? பன்னிகூட பயமில்லாம படுத்துருக்கு."

அது பொய்யான கணக்கு இல்லை. அவர்கள் பயமில்லாமல்தான் இருந்தார்கள். கேப்டனும் எங்களை ஏமாற்றவில்லை. அவருக்குத் தெரிந்த கடலை அவர் காட்டினார். அப்பாவுக்குத் தெரிந்த மலையை அப்பா நினைத்துக்கொண்டிருந்தார்.

அம்மா மறுநாள் தானாகவே கீழே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். சமதரையில் யாரோ முன்பு தோண்டிவைத்த ஒரு சின்னக் கிணறு உண்டு. அதில் ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்திருக்கிறாள். வந்து அடுப்படியில் உட்கார்ந்து விறகை ஊதினாள்.

பிரட்டுக்களத்தில் கூட்டம் வைத்தார்கள். பெரிய தொரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் சொன்னதைக் கங்காணி தமிழில் சொன்னார்.

"தொரை என்னா சொல்றாருன்னா, லயத்த அதே எடத்துல திருப்பிக் கட்டிக் குடுக்கலாமாம். மேட்டச் சாய்வா வெட்டி, பாறாங்கல்லு வச்சி ஒசரமா சொவரு எழுப்பித் தாராராம். வேல செய்யிற எடமும் பக்கம். இல்லாட்டிக் கீழ வேணும்னா கீழ. நீங்களே பேசிச் சொல்லுங்கங்கறாரு."

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள்.

"அங்கயும் சொவரு இருந்திச்சிங்க," என்றார் அப்பா. "கருங்கல்லு சொவரு. எங்கண்ணன் அந்தச் சொவத்தோடதான் போனாரு."

அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை என்பது போல ஆகிவிட்டது. ஸ்டோர் பக்கம், பள்ளிக்கூடம் பக்கம், அட்டை இல்லை என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். அப்போது பெண்கள் நின்ற பக்கத்திலிருந்து அம்மா பேசினாள். அவள் கூட்டத்தில் பேசி அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. என் கூச்சம் அவளிடமிருந்து வந்ததுதான்.

"அங்க தண்ணி உப்புங்க. பருப்பு வேகாது."

கூட்டமே சிரித்தது.

"ஏம்மா, பருப்பு வேகாட்டி மீனத் தின்னுட்டுப் போ," என்றார் கங்காணி. "மண்ணு மூடிட்டா என்னாத்தத் திங்கிறது?"

பெரிய தொரைக்கு அதை இந்தியில் சொன்னார்கள். அவரும் சிரித்தார். அம்மா முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு மற்றவர்களுக்குப் பின்னால் போய்விட்டாள். கீழே போவது என்று முடிவானது.

அன்று சாயங்காலம் கிடங்கில் அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டது எனக்குக் கேட்டது. ரப்பர் ஷீட்டுக் கட்டுகளுக்குப் பின்னால் நாங்கள் இருந்தோம்.

"இந்தா புள்ள, ஊரு சிரிக்கிற மாதிரிப் பேசிட்டியே. பருப்பு வேகாட்டி என்னா?"

"நான் பருப்பச் சொல்லலீங்க."

"பின்ன?"

"சும்மா கையால அள்ளுற ஆழத்துல கடலு இருக்குங்க அங்க. மண்ணுக்கு அடியிலயும் அதுதான் இருக்கு. அந்த மண்ணு மேல எப்புடிங்க வூடு கட்டுறது?"

அப்பா மெதுவாகச் சொன்னார்: "அடியில என்னா இருந்தா என்னாடி. தலைக்கு மேல ஒண்ணும் இல்லையில்ல."

அம்மாவுக்கும் காரணம் எதுவும் தெரிந்திருக்காது. நாக்கில் பட்டதைச் சொன்னாள், அவ்வளவுதான். அவள் இன்னும் ஒரு தடவை சொல்லியிருந்தால் அப்பா கேட்டிருப்பாரா என்று நான் பல வருடம் யோசித்திருக்கிறேன். கேட்டிருக்க மாட்டார். கட்டில்காலைத் தோண்டி எடுத்த மனிதரிடம் பருப்பைப் பற்றி என்ன பேச முடியும்?

மழை விட்டதும் கீழ் லயம் எழுந்தது. மரக்கால், பலகைச் சுவர், தகரக் கூரை. தச்சர்கள் வாசலைக் கடல் பார்த்து வைக்கத்தான் நினைத்தார்கள். காற்று வரும் என்றார்கள். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. வாசல் மலை பார்த்து இருக்க வேண்டும், மலை அசைந்தால் உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரிய வேண்டும் என்றார். அவர் சொன்னபடியே நடந்தது. லயம் முழுக்கக் கடலுக்கு முதுகைக் காட்டி நின்றது. நிக்கோபாரிப் பெண்கள் வந்து பார்த்து அதற்கும் சிரித்தார்கள்.

அந்த முதல் சில மாதங்கள் என் ஆயுளிலேயே நல்ல மாதங்கள் என்றுதான் சொல்ல வேண்டும். இதை எழுத எனக்கே கஷ்டமாக இருக்கிறது. காலில் அட்டை இல்லை. கூரைமேல் ரப்பர் விதை வெடித்து விழும் சத்தம் இல்லை. அலை வந்து போவது தகரத்தில் யாரோ அரிசி புடைப்பது போலக் கேட்டுக்கொண்டே இருக்கும். தங்கச்சி நாள் முழுவதும் நண்டு வளையைத் தோண்டுவாள். கேப்டன் வீட்டிலிருந்து கருவாடு வரும், இங்கிருந்து தோசை போகும். அப்பா பால் வெட்டிவிட்டு வந்து பகலில் படுத்தால் குறட்டை விட்டுத் தூங்குவார். அதற்கு முன் அவர் அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை. தூங்குகிற மனிதரின் முகம் அவ்வளவு சின்னதாக இருக்கும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மழை பெய்தாலும் எழுந்திருக்க மாட்டார். அம்மா அவரைப் பார்த்துவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு பீலிக்கு மேடேறிப் போவாள். பருப்பு உண்மையாகவே வேகவில்லை. பீலித் தண்ணீரில்தான் வேகவைத்தாள். பல வருடம் கழித்துக் குழாய் வந்தது. குழாய்க்குப் பூமாலை போட்டோம். அதன் பிறகு அம்மா மேலே போக வேண்டிய தேவை இல்லாமல் போனது.

அப்புறம் நடந்தது உங்களுக்கும் தெரியும். ஆனால் அங்கே இல்லாதவர்களுக்காக எழுதுகிறேன். நான் வளர்ந்து பால் வெட்டுகிறவனாகி, கல்யாணத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்த காலம். கிறிஸ்துமஸ் மறுநாள் காலை. நான் மேலே ரப்பருக்குள் இருந்தேன். தரை ஆடியது. மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். கோப்பைப் பால் என் தலையில் கொட்டியது. ஆட்டம் நின்ற கொஞ்ச நேரத்தில் ஒரு சத்தம் கேட்டது. நானும் அப்பாவின் பிள்ளைதானே, மலை சரிகிறது என்றே நினைத்தேன். மேட்டை விட்டுக் கீழே வெட்டவெளியைப் பார்த்து ஓடினேன். புகைக்கூடம் வரைக்கும்தான் ஓட முடிந்தது. அதற்குக் கீழே ரோடு இல்லை. தண்ணீர் இருந்தது.

கீழே நடந்ததை அடுத்த காம்பராச் சித்திதான் சொன்னாள். பேக்டரிக்குக் கீழே ஒரு மரத்தில் அவளைத் தண்ணீர் கொண்டுவந்து போட்டிருந்தது.

"ஆடத் தொடங்குனதும் ஒங்கப்பாதான்டா மொத ஆளா வெளிய வந்தாரு. வயசானவரு, கைத்தடியக்கூட எடுக்கல. 'மலை வருது, வெட்டவெளிக்கு ஓடுங்க'ன்னு கதவு கதவாத் தட்டுனாரு. அன்னிக்கி மாதிரியே. எல்லாரும் மணலுக்கு ஓடுனோம். மேட்டு ரோட்டுல ஏறப்போனவங்களையும் கூப்புட்டுக் கீழ கொண்டாந்தாரு. ஒவ்வொருத்தரா பேரு சொல்லி, வந்தாச்சா வந்தாச்சான்னு பாத்தாரு. ஒங்கம்மாவப் புடிச்சி ஒக்கார வச்சாரு. அவரு மொகத்துல என்னா ஒரு நிம்மதி. எல்லாரும் மலையவே பாத்துக்கிட்டு நின்னோம்டா. பின்னால கடலு வத்திப் போனத ஒருத்தரும் திரும்பிப் பாக்கல."

அப்பா, அம்மா, தங்கச்சி, அவள் பிள்ளைகள். ஓடைக்கு அந்தப் பக்கம் கேப்டன் வீட்டில் ஒருவரும் மிஞ்சவில்லை. யாரையும் தோண்டித் தேட இடமே இல்லை. அந்தத் தரையே இறங்கிவிட்டது. கடல் வந்தது, ஆனால் முழுதாகத் திரும்பிப் போகவில்லை.

சித்தி அப்பாவைக் குறை சொல்லவில்லை. "அவரு மட்டும் கூப்புடலேன்னா..." என்று ஒருதடவை தொடங்கினாள், நிறுத்திவிட்டாள். மற்றவர்களும் வாயால் சொன்னதில்லை. ஆனால் பிள்ளைகளைப் பறிகொடுத்த சிலர் இன்றும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. உங்களிலும் ஒருவர் இருவர் உண்டு. நான் இயல்பிலேயே ஒதுங்கிப் போகிறவன் என்பதால் அது வெளியே தெரிவதில்லை. அவர்களும் என்னிடம் கேட்க வேண்டியதில்லை, நானும் பதில் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் அப்பா உங்கள் உயிரை ஒருமுறை காப்பாற்றினார், ஒருமுறை உங்கள் ஆட்களைக் கடலுக்கு அழைத்துப் போனார். இரண்டு முறையும் சொன்ன வார்த்தை ஒன்றே. இதில் எதை எடுத்து எதைக் கழிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

மேல் லயம் இருந்த மலை அந்த ஆட்டத்தில் சரியவில்லை. அதையும் எழுத வேண்டும். ஒரு கூடை மண்கூட விழவில்லை.

தகரக் கொட்டகையில் சில வருடம் இருந்த பிறகு அரசாங்கம் வீடு கட்டிக் கொடுத்தது. மேட்டில்தான், வேறு எங்கே கட்டுவார்கள். மலையை வெட்டிச் சமப்படுத்தி, வரிசையாக. ரப்பர் வேலை நின்றே போய்விட்டது. மரங்கள் வெட்டுவாரில்லாமல் காடாகிவிட்டன. அதன் பிறகு நான் கல்யாணம் செய்துகொண்டேன். ஒரே மகள். பள்ளிக்கூடத்தில் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள், தரை ஆடினால் மேலே ஓடு, திரும்பிப் பார்க்காதே, மேலே ஓடு. பிள்ளைகளை வரிசையாக ஓடவிட்டுப் பழக்குகிறார்கள். நல்ல பழக்கம்தான்.

போன மழைக்காலத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் மேடு வெடித்தது. கை நுழைகிற விரிசல். ஆபீசில் சொன்னோம், வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். என் மனைவி அடுப்பை முன்பக்கம் மாற்றிவிட்டாள். மழை நாலாவது நாளாக விழுந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்திருந்தோம். தரை ஆடியது. இங்கே அடிக்கடி ஆடும், நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தட்டு நகர்ந்தது. மூவரும் வாசலுக்கு வந்துவிட்டோம்.

முன்னால் சரிவும் அதற்குக் கீழே கடலும் தெரிந்தன. பின்னால் தண்ணீர் ஊறி நிற்கும் மேடு. மகள் என் கையைப் பிடித்தாள்.

"அப்பா, டீச்சர் மேல ஓடணும்னு சொல்லியிருக்காங்க. மேல மண்ணு பேந்து நிக்குதே. எந்தப் பக்கம்ப்பா?"

என் மனைவியும் என்னைத்தான் பார்த்தாள். பக்கத்து வீட்டு ஆட்களும் வெளியே வந்து நின்றார்கள். அவர்களும் பார்த்தார்கள். அப்பாவாக இருந்தால் இந்நேரம் கத்தியிருப்பார். எனக்கு வாய் வரவில்லை. ஆட்டம் தானாக நின்றது.

"எந்தப் பக்கம்ப்பா?" என்று அவள் மறுபடியும் கேட்டாள். உள்ளே போய்ச் சாப்பிடச் சொன்னேன்.